அன்னாசி போட்ட சாசேஜ்: ஒரே சட்டியில் ராத்திரிச் சாப்பாடு

"அண்ணே, இதைப் பொரிக்கிறதைத் தவிர வேற எப்படிச் செய்யலாம்?" சாசேஜ் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் கோழி இறைச்சியும் பிரீசர் சாமான்களும் விற்கிற கடை என்னுடையது. கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: போகிற வழியில் ஒரு அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அப்புறம் செய்முறையைச் சொல்வேன். கடையில் நின்றுகொண்டு சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

என் மனைவி நர்ஸ். சாயங்கால டியூட்டி இருக்கிற நாட்களில் ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு. கடையடைத்து வீட்டுக்கு வரும்போது அம்மாவும் மகளும் பசியோடு இருப்பார்கள். அரை மணி நேரத்தில் முடிய வேண்டும், கழுவுவதற்குப் பாத்திரம் குவியக் கூடாது, மகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சரிப்பட்டு வருகிறது இந்தச் சட்டி.

இறைச்சியோடு பழமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம்மூர்க் கல்யாணப் பந்தியை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அன்னாசிப் பச்சடியும் மாம்பழப் புளிசேரியும் இல்லாமல் இலை நிறைகிறதா? பழத்தில் உப்பும் மிளகாயும் போட்டுச் சமைப்பது நமக்குப் பழகிய கைதான். வெளிநாட்டிலும் பன்றி இறைச்சிக்கு ஆப்பிள் பழைய ஜோடி. இத்தாலியில் சாசேஜைக் கறுப்புத் திராட்சையோடு ஒரே சட்டியில் வதக்குகிறார்கள். லீவில் ஊருக்கு வந்த ஒரு நர்ஸ் தங்கச்சி, இங்கிலாந்தில் டியூட்டி முடிந்து வந்தால் ஆப்பிளும் சாசேஜும் ஒரே சட்டியில் போட்டு இறக்கிவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள். காரணம் எளிது. சாசேஜில் கொழுப்பும் உப்பும் அதிகம். அதைத் தனியாகச் சாப்பிட்டால் நாலு துண்டில் திகட்டும். புளிப்பும் இனிப்பும் கூடவே வந்தால் நாக்கு தெளிந்து அடுத்த துண்டைக் கேட்கும். அந்த வேலைக்கு ஆப்பிளை விட நம்மூர் அன்னாசி மேல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆப்பிளில் புளிப்பு போதாது, விலையும் அதிகம்.

அன்னாசி நமக்கு எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரப்பர் வெட்டி மறுநடவு செய்த தோட்டங்களில், கன்று வளர்ந்து நிழல் மூடுகிற வரை முதல் சில வருஷம் இடைவெளியில் அன்னாசி போடுகிறார்கள். அருமனை, குலசேகரம் பக்கம் ரோட்டோரம் குவித்து விற்பதில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். வெயில் காலத்துப் பழம் மணமும் இனிப்புமாக இருக்கும். மழை பிடித்த பிறகு வருவது தண்ணீர் கோத்துச் சப்பென்று இருக்கும். அந்தச் சமயத்தில் இந்தச் சமையலுக்குத் தேன் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். பழம் எடுக்கும்போது தலையில் உள்ள இலையைப் பிடுங்கிப் பார்ப்பதை நான் நம்புவதில்லை. பழத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை மூக்குக்கு அருகே வையுங்கள். மணம் வர வேண்டும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்காவது மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். செடியிலிருந்து வெட்டிய பிறகு அன்னாசியில் இனிப்பு ஏறாது. நிறம் மாறும், மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். பச்சையாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். புளித்த கள் வாடை வந்தால் அது கடந்துபோன பழம், அதுவும் வேண்டாம்.

அன்னாசியோடு ஒரு ஏத்தன்பழமும், அதாவது நேந்திரம் பழமும், சேர்ப்பேன். கட்டாயமில்லை, ஆனால் சேர்த்தால் சாப்பாடு வயிற்றில் நிற்கும். தோல் நல்ல மஞ்சளாக, கறுப்புப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற பழம் வேண்டும். தோல் முழுக்கக் கறுத்த பழம் நேந்திரம் பாயசத்துக்கு நன்றாக இருக்கும், இங்கே கரைந்துவிடும். மட்டிப்பழத்தை இதில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். நம் மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் பெருமையெல்லாம் அந்த மணத்திலும் மெல்லிய சதையிலும் இருக்கிறது. சூடு பட்டால் இரண்டும் போய்விடும். அதை உரித்து அப்படியே சாப்பிடுவதுதான் மரியாதை. சக்கை (பலாப்பழம்) சீசனில், கெட்டிச் சதையுள்ள வருக்கைச் சுளை நாலைந்து சேர்க்கலாம், நன்றாக இருக்கும். குழைந்த சதையுள்ள கூழன் சக்கை சட்டியில் ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும்.

இனி சாசேஜ். இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், என் தொழில் இது.

பிரீசரில் கிடக்கிற பாக்கெட்டை எடுத்ததும் முதலில் தடவிப் பாருங்கள். உள்ளே துண்டுகள் தனித்தனியாக உருள வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டி உறைந்து, இடுக்கில் பனித்துகள் அப்பிக் கிடந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கரண்டு போய் வருகிற ஊரில் இது நடக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கச் சொல்லிப் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். கடைக்காரரிடம் பிரீசரின் அளவு முள்ளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

அடுத்தது, பாக்கெட்டின் பின்பக்கம். அதில் இருக்கிற பொருள்களை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதியிருப்பார்கள். முதல் பெயர் இறைச்சியாக இருக்க வேண்டும். தண்ணீரும் மாவும் முன்னால் நிற்கிற பாக்கெட்டைச் சட்டியில் போட்டால் சுருங்கும், சிவக்காது. பிறகு, வேகவைத்ததா பச்சையா என்று பாருங்கள். நம்மூரில் கிடைக்கிற கோழி சாசேஜில் பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்ததுதான், சூடாக்கிச் சிவக்க வைத்தால் போதும். பச்சை சாசேஜ் அப்படி இல்லை. உள்ளே இருப்பது கொத்திறைச்சி, நடுவரை வேக வேண்டும். பன்றி என்றால் உள்சூடு 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி வர வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் இருப்பதிலேயே தடித்த துண்டை நடுவில் வெட்டிப் பார்க்கலாம். பசை மாதிரி இழுபடாமல் கெட்டியாக இருக்க வேண்டும், ஊறுகிற நீர் தெளிவாக இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உப்புக் கலவை போட்டுப் பதப்படுத்திய சாசேஜ் வெந்த பிறகும் ரோஸ் நிறமாகவே இருக்கும். சில வகைகளில் மேல்தோல் சாப்பிடக் கூடாதது, உரிக்கச் சொல்லி எழுதியிருக்கும். அதையும் படித்துவிடுங்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே பாக்கெட்டைப் பிரீசரிலிருந்து எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் சாயங்காலம் பதமாக இருக்கும். மறந்துபோனால், பிரிக்காத பாக்கெட்டைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வெந்து நடுவில் ஐஸாகவே கிடக்கும். சமையல் மேடையில் காலையிலிருந்து வெளியே வைப்பது நம் புழுக்கத்துக்கு ஆபத்து.

நாலு பேருக்கு அரைக் கிலோ சாசேஜ். அன்னாசி நடுத்தரமானது பாதி, தோலும் கண்ணும் நடுத்தண்டும் போக, விரல் கனத்துக்குத் துண்டுகளாக. ஏத்தன்பழம் ஒன்று, சரித்து வெட்டியது. உள்ளி (சின்ன வெங்காயம்) ஒரு கைப்பிடி நிறைய, சின்னதானால் முழுசாக, பெரிதானால் இரண்டாகப் பிளந்து. பூண்டு ஐந்தாறு பல், இஞ்சி ஒரு துண்டு, இரண்டும் பொடியாக நறுக்கியது. வத்தல் மிளகாய் மூன்று, கறிவேப்பிலை இரண்டு கொத்து, நல்லமிளகு ஒரு டீஸ்பூன், கிராம்பு இரண்டு. தேங்காய் எண்ணெய் ஒன்றரை மேஜைக்கரண்டி. தேன் ஒரு டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி. உப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மிளகையும் கிராம்பையும் அப்போதே சேர்த்து நுணுக்க வேண்டும். கன்னியாகுமரிக் கிராம்புக்கும் 2021-ல் புவிசார் குறியீடு வந்தது. மாறாமலைப் பக்கத்துக் கிராம்பை நகத்தால் கிள்ளினால் எண்ணெய் கசியும். அப்படிப்பட்டதானால் இரண்டுக்கு மேல் போடாதீர்கள், சட்டி முழுக்க அதுவே பேசும்.

தேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிடம் கிடைப்பதில் நிறைய ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் துளிர் விடுகிற மாதங்களில் பூவிலிருந்து இல்லாமல் இலைக்காம்பில் ஊறுகிற இனிப்பைத் தேனீ எடுக்கிறது. மணம் மெல்லியது. அதனால்தான் இந்தச் சமையலுக்குப் பொருந்துகிறது, அன்னாசியோடு மல்லுக்கு நிற்காது. தேன் இல்லையென்றால் கருப்பட்டி கொஞ்சம் சீவிப் போடலாம்.

அன்னாசியை முன்கூட்டியே வெட்டிச் சாசேஜோடு கலந்து வைக்காதீர்கள். சமைக்காத அன்னாசியில் புரோமலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது இறைச்சியின் புரதத்தை அரித்துவிடும். ஒரு மணி நேரம் ஊறினாலே சாசேஜின் வெளிப்பக்கம் மாவு மாதிரி குழையும். சூடு பட்டதும் அந்த நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை. வெட்டின துண்டுகளை வடிதட்டில் போட்டு, வடிகிற சாற்றை ஒரு கிண்ணத்தில் பிடித்து வையுங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

சட்டி அகலமாக, அடி தட்டையாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது கனத்த இரும்புச் சட்டி. குழிந்த சீனச்சட்டியில் எல்லாம் நடுவுக்குச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்து வேகும், சிவக்காது.

பச்சை சாசேஜ் என்றால், காய்ச்சாத சட்டியில் துண்டாக்காமல் முழுசாக அடுக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். முள்கரண்டியால் குத்த வேண்டாம், குத்தினால் சாறெல்லாம் வெளியே போய் உள்ளே சக்கையாகிவிடும். அப்புறம் மூடியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வற்றி, சலசலவென்ற சத்தம் மாறிப் பொரிகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் எண்ணெய் ஊற்றி, நாலு பக்கமும் சிவக்கவிட்டு எடுத்துத் தட்டில் வைத்து, கொஞ்சம் ஆறியதும் சரித்து வெட்டிக்கொள்ளுங்கள். வேகவைத்த சாசேஜுக்கு இந்தத் தண்ணீர் வேலை வேண்டாம். முதலிலேயே சரித்து வெட்டி, காய்ந்த எண்ணெயில் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, நாலு நிமிஷத்தில் எடுத்துவிடலாம்.

சட்டியில் இப்போது எண்ணெயும் சாசேஜ் விட்ட கொழுப்பும் இருக்கும். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். அதிகமாகத் தெரிந்தால் ஒரு கரண்டி மட்டும் எடுத்துவிடலாம். தீயைக் கூட்டி, வடிந்த அன்னாசித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் வரிசையாக வையுங்கள். வைத்ததும் கை சும்மா இருக்க வேண்டும். கிளறத் தோன்றும், கிளறினால் சாறு விட்டு வேகும், நிறம் வராது. இரண்டு நிமிஷம் கழித்து ஒரு துண்டைச் சட்டுவத்தால் தூக்கிப் பாருங்கள். அடியில் பொன்னிறக் கோடும், ஓரத்தில் கருகுமுன் நிற்கிற பழுப்பும் வந்திருந்தால் புரட்டுங்கள். இந்தச் சமையலின் ருசி முழுக்க இந்த இரண்டு நிமிஷத்தில் இருக்கிறது. பழத்தின் புளிப்புக்கு மேலே லேசாக ஒரு கசப்பும், காய்ச்சிய சர்க்கரைப்பாகின் மணமும் ஏறுவது இங்கேதான். மறுபக்கம் ஒரு நிமிஷம் போதும். எடுத்துச் சாசேஜ் தட்டிலேயே போடுங்கள். ஏத்தன்பழத்துக்கு இன்னும் குறைந்த நேரம்தான், தீயையும் கொஞ்சம் தணிக்க வேண்டும். அதிலுள்ள சர்க்கரை கண்ணிமைக்கும் நேரத்தில் கருகும்.

இனி அதே சட்டியில் வத்தலைக் கிள்ளிப் போட்டு, உள்ளி, கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். உள்ளி ஓரம் சுருண்டு கண்ணாடி மாதிரி ஆனதும் இஞ்சியும் பூண்டும். பச்சை வாசனை போனதும், பிடித்து வைத்த அன்னாசிச் சாறு மூன்று நாலு கரண்டி ஊற்றி, சட்டியின் அடியில் பிடித்திருக்கிற செம்பழுப்பு எல்லாவற்றையும் சட்டுவத்தால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். சாசேஜும் பழமும் விட்டுப்போன சத்து அதில்தான் இருக்கிறது. சாறு பாதியாகச் சுண்டியதும் தட்டில் இருக்கிற எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி, மிளகு கிராம்புப் பொடியும் தேனும் சேர்த்து இரண்டு புரட்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் பளபளவென்று ஒரு பூச்சு ஏறும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்து, ருசி பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் உப்பு. எலுமிச்சையை அடுப்பு எரியும்போது பிழிந்தால் மணம் போய்விடும்.

இரும்புச் சட்டி என்றால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். புளிப்பு இரும்பில் கிடந்தால் ருசி மாறி, நிறமும் கறுக்கும்.

கூட என்ன வைப்பது? மத்தியானச் சோறு பிரிட்ஜில் இருந்தால், சாசேஜை மாற்றிய சட்டியிலேயே அந்தச் சோற்றைப் போட்டு நன்றாகச் சூடேறுகிற வரை புரட்டுவேன். ஒட்டியிருக்கிற மசாலாவைச் சோறு துடைத்து எடுத்துக்கொள்ளும், சட்டி கழுவவும் சுலபம். சம்பா அரிசிச் சோறானால் இன்னும் விசேஷம், அந்தக் கெட்டிப் பருக்கை உடையாமல் நிற்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) விரும்புகிறவர்கள் முதலிலேயே இதே சட்டியில் நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு எடுத்து வைக்கலாம். வடித்த தண்ணீரை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. கிழங்கிலுள்ள நச்சுச் சத்து அதில் இறங்கியிருக்கும் என்பதால்தான் நம் வீடுகளில் அதைக் கொட்டுகிற வழக்கம். கிழங்கோடு சாப்பிட்டால் நேரம் கொஞ்சம் கூடும், அரை மணி நேரக் கணக்கு நிற்காது. அவசரமானால் ரொட்டி போதும்.

என் அம்மா பன்றி சாப்பிட மாட்டார். அதனால் வீட்டில் நான் செய்வது பெரும்பாலும் கோழி சாசேஜில்தான். கோழியில் கொழுப்பு குறைவு, எண்ணெய் அரைக் கரண்டி கூடுதலாக வேண்டும், அன்னாசியைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு தூக்கலாகத் தெரியும். பன்றி சாசேஜுக்கு அன்னாசி எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வத்தலைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டு, பரிமாறும்போது எடுத்துவிடலாம். மூன்று நாலு வயசுக்காரர்களுக்குச் சாசேஜை வட்டமாக வெட்டிக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நாலாகப் பிளந்து பொடியாக நறுக்கிக் கொடுங்கள். என் மகளுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை, "அப்பா, பழம் எல்லாம் எனக்கு" என்று சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பாள்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறி, சட்டியில் மீன் இல்லாத ராத்திரிகள் வருகிற மாதங்கள் அவை. என் கடையில் சாசேஜ் அதிகம் போவதும் அப்போதுதான். கிறிஸ்தவர்கள் இறைச்சி தவிர்க்கிற தவக்காலத்தில் அதே பாக்கெட்டுகள் அசையாமல் கிடக்கும், அதுவும் வழக்கம்தான். தடைக்காலம் தொடங்குகிறபோது அன்னாசி சீசன் முடிகிற தறுவாய். நல்ல பழமாக இரண்டு வாங்கி வெட்டி, துண்டுகளைத் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு ஒரு டப்பாவில் போட்டுப் பிரீசரில் வைத்துக்கொள்ளலாம். சட்டியில் போடும் முன் முழுக்க உருகவிட்டு, துணியால் ஒற்றி ஈரம் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சிவக்காது.

மிஞ்சினதை ஆறினதும் பிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது அன்னாசி இன்னும் நீர் விடும், அதனால் மூடாமல், பெரிய தீயில் சட்டென்று புரட்டி எடுக்க வேண்டும். காலை டிபனுக்கு நான் அதைப் பொடியாக நறுக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிண்டிவிடுவேன். ஏத்தன்பழத் துண்டு இருந்தால் அதை மட்டும் முன்னாடியே எடுத்துத் தின்றுவிட வேண்டும், முட்டையோடு அது சேராது.